எடைமேடை வரிசைக்கு ஒரு சர்வர்

சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் வழியில், சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிற ஒரு ஜவ்வரிசி ஆலையின் எடைமேடையில் நான் வேலை பார்க்கிறேன். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய வண்டி மேடை மீது ஏறியதும் எடையைப் பதிய வேண்டும். கிழங்கை இறக்கிவிட்டு வண்டி காலியாகத் திரும்பும்போது மறுபடி பதிய வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துச் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. இதற்கு ஒரு சின்ன அறையும் ஒரு ஜன்னலும் கொடுத்திருக்கிறார்கள். அறைக்குள் உட்கார்ந்தால் எப்போதும் கிழங்கின் புளித்த வாடை அடிக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலை வலித்தது. இப்போது விடுமுறை நாளில் அந்த வாடை இல்லையே என்றுகூடத் தோன்றுகிறது.

கிழங்கு பிடுங்கும் பருவத்தில் வண்டிகள் வந்தபடியே இருக்கும். சமவெளிப் பக்கத்திலிருந்து லாரிகள் வரும். கல்வராயன் மலையிலிருந்து டிராக்டரும் மினி லாரியும் இறங்கும். வரிசை என்று பெயருக்குச் சொல்வோமே தவிர, கண்ணால் பார்க்கிற வரிசை எதுவும் கிடையாது. ஆலையின் முன்னால் அவ்வளவு இடமில்லை. ஒரு வண்டி டீக்கடை ஓரமாக நிற்கும், ஒன்று சாலையோரம், ஒன்று அறுவடை முடிந்த சோளக்காட்டில். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அடுத்த வண்டி வாங்க" என்று கத்துவேன். உடனே நாலு எஞ்சின்கள் உறுமும். யார் முந்தி மேடையில் சக்கரத்தை வைக்கிறாரோ அவர்தான் அடுத்தவர். சத்தம் போடத் தெரிந்தவர், முதலாளியைத் தெரிந்தவர், லாரியை ஒடித்துத் திருப்பத் தெரிந்தவர் முன்னால் போவார்கள். மலையிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் கடைசியில்தான்.

கடைசியில் போவது வெறும் காத்திருப்பு மட்டுமல்ல. பிடுங்கிய கிழங்கு வெயிலில் நிற்க நிற்க உள்ளே கறுக்கும். மாவுச்சத்தை அளந்து பாயிண்ட் போட்டுத்தான் ஆலையில் விலை. மதியத்துக்கு மேல் பார்த்தால் பாயிண்ட் இறங்கிவிடும்.

ஒரு நாள் காலையிலிருந்தே ஒரு பச்சை டிராக்டர் வெளியே நின்றிருந்தது. கரியாலூருக்கு அப்பால் ஏதோ ஒரு ஊரிலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டி. புருஷன் இருக்கையை விட்டு இறங்கவே இல்லை. இறங்கினால் இடம் போய்விடும் என்கிற பயம். அந்த அக்காதான் நடந்து நடந்து ஜன்னலுக்கு வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். தலையில் துண்டைச் சுற்றியிருந்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"பாப்பா, எங்களுக்கு முன்னாடி இன்னும் எத்தினி வண்டி இருக்குது?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா? நீதான எடை போட்றே?"

"வர்ற வண்டிய போட்றேன். யாரு முன்ன, யாரு பின்னன்னு என்கிட்ட ஒண்ணும் இல்லக்கா."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். "அப்ப யாருக்குத்தான் தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் டிராக்டரை நோக்கிப் போனார். அன்றைக்கு அவர்களுடைய கிழங்கு சாயங்காலம்தான் மேடை ஏறியது. பாயிண்ட் எவ்வளவு கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

யாருக்குத்தான் தெரியும் என்கிற கேள்வி என்னோடு பஸ் ஏறி வீடு வரைக்கும் வந்தது. உண்மையில் ஒருவருக்கும் தெரியாது. கத்துகிறவருக்கும் தெரியாது. தெரியாததால்தான் கத்துகிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நான் கள்ளக்குறிச்சியில் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். பரீட்சைக்குப் படித்தேன், எழுதினேன், பட்டம் வாங்கினேன். கல்யாணமாகிச் சின்னசேலம் வந்த பிறகு, படித்ததில் எனக்குப் பயன்பட்டது தட்டச்சு வேகம் மட்டும்தான். ஆனால் ஆய்வகத்தில் ஒருமுறை பைத்தான் என்கிற கணினி மொழியில் ஒரு சர்வர் எழுதிப் பார்த்தது நினைவில் இருந்தது. சர்வர் என்றால் பெரிய விஷயமில்லை. யாராவது ஒரு வலைப்பக்கத்தைக் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற நிரல். கடையில் ஆள் கேட்டதும் பொட்டலம் எடுத்துக் கொடுக்கிற மாதிரி. அன்றைக்கு அது 'வணக்கம்' என்று ஒரே ஒரு வார்த்தையைக் கொடுத்தது. இன்றைக்கு அது வண்டி வரிசையைக் கொடுத்தால் என்ன என்று யோசித்தேன். வண்டி வந்ததும் அதன் நம்பரில் கடைசி நாலு இலக்கத்தை நான் அடித்து உள்ளிட வேண்டும். ஒரு வண்டி எடை முடிந்ததும் ஒரு விசையை அழுத்த வேண்டும். வெளியே நிற்பவர்கள் தங்கள் போனில் வரிசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மவுஸ் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தேன். எடைமேடை அறையில் மாவுத்தூசி படிந்து எந்த மவுசும் ஒரு பருவத்தைத் தாண்டியதில்லை. தவிர, என் ஒரு கை எப்போதும் ஜன்னலில் இருக்கும், சீட்டு கொடுக்கவும் வாங்கவும். மற்ற கையால் பார்க்காமலே அழுத்துகிற மாதிரி இருக்க வேண்டும். கீபோர்டின் வலது பக்கம் இருக்கிற எண் விசைகள் போதும். கூட்டல் விசை அடுத்த வண்டிக்கு. கழித்தல் விசை, தவறாக அழுத்திவிட்டால் திரும்ப வருவதற்கு.

கணவருக்குச் சின்னசேலத்தில் போன் பழுது பார்க்கும் கடை. வீட்டில் நான் பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இன்னா பண்ணிகினு இருக்க?"

சொன்னேன்.

"மில்லுலதான் நெட்டே இல்லியே. அப்பறம் எப்டி அவங்க போன்ல வரும்?"

"நெட்டு எதுக்கு? என் கம்ப்யூட்டர்ல இருந்து வெளிய நிக்கிற போனுக்குப் போவணும், அவ்ளோதான். நடுவுல ஒரு ரவுட்டர் இருந்தா போதும்."

மறுநாள் கடையிலிருந்து ஒரு பழைய ரவுட்டரைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். ஆன்டெனா ஒன்று ஒடிந்து டேப் சுற்றியிருந்தது. "ஓடும், ஆனா சூடாவும்" என்றார்.

நிரல் எளிதில் வரவில்லை. நான் முதலில் எழுதியது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்தது. விசை அழுத்தப்படுமா என்று காத்திருக்கும்போது, எந்தப் போன் பக்கத்தைக் கேட்டாலும் வாயே திறக்காது. போன் கேட்பதற்காகக் காத்திருக்கும்போது, விசையை எத்தனை முறை அழுத்தினாலும் கண்டுகொள்ளாது. காத்திருப்பது என்றால் கணினிக்கு அப்படி. கல்லு மாதிரி நின்றுவிடும். பாடப் புத்தகத்தில் 'திரெட்' என்று ஒரு அத்தியாயம் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று தாண்டிவிட்ட அத்தியாயம். இப்போது அதைத் தேடிப் படித்தேன். ஒரே நிரலுக்குள் இரண்டு வேலைகளைத் தனித்தனியாக ஓடவிடலாம். ஒன்று விசைக்காகக் காத்திருக்கும், ஒன்று போன்களுக்காகக் காத்திருக்கும். வரிசைப் பட்டியல் இரண்டுக்கும் பொது. எழுதி ஓடவிட்டு, கூட்டல் விசையை அழுத்தினேன். பக்கத்தில் வைத்திருந்த என் போனில், சில நொடியில், முதல் எண் மறைந்து இரண்டாம் எண் மேலே வந்தது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கிவிட்டு வந்து மறுபடி அழுத்திப் பார்த்தேன். மறுபடியும் வந்தது.

அதோடு தொல்லை தீரவில்லை. தமிழில் எழுதியதெல்லாம் முதலில் குப்பைக் குறிகளாக வந்தது. எழுத்துக்குறியீடு இன்னது என்று பக்கத்தின் தலையில் சொல்ல மறந்திருந்தேன். ஆலைக்குக் கொண்டு போனால், என் கணினியில் தெரிகிற பக்கம் வேறு எந்தப் போனிலும் தெரியவில்லை. விண்டோஸின் பாதுகாப்புச் சுவர் தடுத்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று. எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை போன்கள். வைஃபையில் சேர்ந்ததும், 'இதில் இண்டர்நெட் இல்லை, தொடரவா?' என்று கேட்கும். டிரைவர்கள் நல்லது என்று நினைத்து 'வேண்டாம்' என்று அழுத்திவிடுவார்கள். கடைசியில் ஒரு தாளில் பெரிய எழுத்தில், "முதலில் டேட்டாவை அணைக்கவும்" என்று எழுதி, அதன் கீழே ஸ்கேன் செய்கிற கட்டத்தையும் அச்சடித்து டீக்கடைக் கம்பத்தில் ஒட்டினேன். போன் இல்லாதவர்களுக்காகக் கணவர் திரை ஓரத்தில் விரிசல் விட்ட ஒரு டேப்லெட்டைக் கொடுத்தார். டீக்கடை அக்கா அதை பிஸ்கட் பாட்டில்களுக்குப் பின்னால், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்தார்.

முதலாளியிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவர் அறுபதைத் தொட்டவர், அதிகம் பேசாதவர். "செலவு இல்லன்னா வெச்சிக்கோம்மா" என்று மட்டும் சொன்னார்.

முதல் நாள் யாரும் நம்பவில்லை. போனில் தங்கள் எண் நடுவில் இருப்பதைப் பார்த்துவிட்டு, நேரில் வந்து ஜன்னலிலும் கேட்டார்கள். நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். இரண்டாம் நாள் மின்சாரம் ஒரு நொடி போய் வந்தது. கணினி அணைந்து எழுந்தபோது வரிசை முழுவதும் காணாமல் போயிருந்தது. பட்டியலை எங்கும் சேமித்து வைக்க நான் யோசித்திருக்கவில்லை. வெளியே வந்து, "வரிசை அழிஞ்சி போச்சிங்க. யாருக்கு அப்பறம் யாருன்னு சொல்லுங்க, மறுபடி போட்றேன்" என்றேன். பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர் சொல்லத் தொடங்கினார். இன்னொருவர் அடுத்ததைச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. எல்லாரும் அதே பக்கத்தைத்தான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே வரிசை மனப்பாடம். அன்றைக்கே வீட்டுக்குப் போய், ஒவ்வொரு விசை அழுத்தத்துக்கும் பட்டியல் கோப்பில் பதிகிற மாதிரி மாற்றினேன். ஆனால் அந்த ஐந்து நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வாரத்திலேயே பச்சை டிராக்டர் வந்தது. மலைக்கார அக்காவின் கையில் போன் இருந்தது. வைஃபையில் சேர்த்துக் கொடுத்தேன்.

"இதான் எங்க நம்பரா?"

"ஆமாக்கா. மேல இருக்கிறதெல்லாம் உங்களுக்கு முன்னாடி. ஒண்ணு ஒண்ணா கொறையும்."

"யாராவது நடுவுல பூந்தா?"

"பூந்தா இதுல தெரிஞ்சிரும்."

கொஞ்ச நேரம் டிராக்டரின் நிழலில் நின்று திரையையே பார்த்தார். ஒரு வண்டி மேடையை விட்டு இறங்கியதும் எண் மாறுகிறதா என்று பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். பிறகு புருஷனைக் கீழே இறங்கச் சொன்னார். இருவரும் டீ குடித்தார்கள். நான் சீட்டு அடித்துவிட்டு நிமிர்ந்தபோது, அவர் டிரெய்லரின் அடியில் சாக்கை விரித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஆலை வாசலில் ஒருவர் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

இப்படிக் கொஞ்ச நாள் போனது. பிறகு ஒரு மதியம் முதலாளி என் அறைக்கு வந்தார். வருவது அபூர்வம். நாற்காலியில் உட்காராமல் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இதுல ஒரு வண்டிய முன்னாடி இழுத்துப் போடணும்னா எதை அமுக்கணும்?"

"அதுக்கு விசை இல்லீங்க ஐயா. அடுத்த வண்டி, முந்தின வண்டி, அவ்ளோதான்."

"ஒண்ணு வெச்சிடு. அவசரம் ஆத்திரம்னு வரும் இல்ல?"

மறுக்க எனக்குக் காரணமில்லை. அவர் சொன்னதும் நியாயம்தான். அவசரம் வரத்தான் செய்யும். ஆனால் அப்படி ஒரு விசை வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு நாள் யோசித்து, பெருக்கல் விசையில் அதை வைத்தேன். அழுத்தினால் வண்டி எண்ணைக் கேட்கும். எண்ணைக் கொடுத்ததும் காரணத்தைக் கேட்கும். காரணத்தைத் தட்டச்சு செய்யாமல் உள்ளிட முடியாது. அந்தக் காரணம் வண்டி எண்ணுக்குப் பக்கத்தில் எல்லாருடைய திரையிலும் தெரியும். முதலாளியிடம் அப்படியே காட்டினேன். "காரணம் போட்டா அவங்களும் ஒத்துக்குவாங்க, நீங்களும் பதில் சொல்லத் தேவையில்லீங்க" என்றேன். அவர் தலையாட்டினார்.

நான் நினைத்ததைவிட அது நன்றாகவே வேலை செய்தது. 'டிரைவருக்குக் காய்ச்சல்' என்று ஒருமுறை அடித்தேன். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவர் காய்ச்சல் மாத்திரைகூடக் கொண்டு வந்து கொடுத்தார். 'டயர் காற்று இறங்குகிறது' என்று அடித்தபோது நாலு பேர் எழுந்து போய் டயரை உதைத்துப் பார்த்தார்கள். நிஜமாகவே இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

பிறகு முதலாளியின் மச்சான் வந்தார்.

அவர் முதலாளி வீட்டம்மாவின் தம்பி. ஊர் ஊராகப் போய்க் கிழங்கு வாங்கி விற்கிற வியாபாரி. இரண்டு லாரியோடு வந்தார். இறங்கி நேராக ஜன்னலுக்கு வந்தார்.

"மாமாகிட்ட சொல்லிட்டேன். ரெண்டு வண்டியையும் இப்பவே ஏத்து."

"வரிசையில போட்டுடறேன்ங்க. முன்னாடி விடணும்னா ஐயா சொல்லணும்ங்க."

"போன் பண்ணிக் கேளு."

போன் பண்ணினேன். முதலாளி இன்னொரு போனில் யாருடனோ ஜவ்வரிசி விலை பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சும் காதில் விழுந்தது.

"வுடும்மா, வுடு. இவன்கிட்ட மல்லுக்கட்ட எனக்கு நேரமில்ல."

"காரணம் இன்னான்னு போடட்டும்ங்க?"

"இன்னாத்தையாவது போடு. உள்ளதப் போட்டுத் தொலையேன்."

வைத்துவிட்டார். நான் பெருக்கல் விசையை அழுத்தினேன். எண்ணைக் கேட்டது, கொடுத்தேன். காரணத்தைக் கேட்டது. 'அவசரம்' என்று அடித்திருக்கலாம். யோசிக்காமல் அடித்தேன் என்று பிறகு சிலரிடம் சொன்னேன், அது சரியில்லை. யோசித்துத்தான் அடித்தேன். 'முதலாளியின் மச்சான்' என்று அடித்து உள்ளிட்டேன். இரண்டாவது லாரிக்கும் அதையே அடித்தேன்.

பக்கம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளச் சில நொடி ஆகும். பிறகு டீக்கடையில் யாரோ சத்தமாக வாசித்தார். ஒருவர் சிரித்தார். அடுத்து மொத்தக் கடையும் சிரித்தது. லாரி டிரைவர் ஒருவர் எழுந்து நின்று என் ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்:

"மேடம், எங்களுக்கும் மச்சான் முறை வரணும்னா யாருகிட்ட எழுதிக் குடுக்கணும்?"

"பொண்ணு குடுக்கணும்டா, பொண்ணு குடுக்கணும்" என்றார் இன்னொருவர்.

மச்சானுக்கு முதலில் விளங்கவில்லை. டீக்கடைக்குப் போய் டேப்லெட்டைப் பார்த்தார். முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது. ஜன்னலுக்குத் திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை. எடை போடாமலே இரண்டு லாரியையும் திருப்பிக்கொண்டு போனார். லாரி போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. என்னை என்ன செய்வார்கள் என்று எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அடுத்த வண்டிக்குச் சீட்டு அடிக்கும்போது இரண்டு முறை தவறு செய்தேன்.

சாயங்காலம் முதலாளி வந்தார். கத்தவில்லை.

"நான் உள்ளதப் போடுன்னு சொன்னேன், இல்ல?"

"ஆமாங்க ஐயா."

"சொன்னா அப்டியே போட்ருவியா? வூட்ல என்னை வாய தொறக்க வுடாம பேசறாங்கம்மா."

அவர் குனிந்து ரவுட்டரின் வயரைப் பிடுங்கினார். மேசை மேல் வைத்துவிட்டு, "இனிமே இது வாணாம். பழைய மாதிரியே போவட்டும்" என்றார். வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. அன்று இரவு கணவரிடம் சொன்னபோது, "வேலைய வுட்டாலும் பரவால்ல, கடைக்கு வா" என்றார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை.

மறுநாளிலிருந்து மறுபடி நான் தலையை நீட்டிக் கத்தினேன். எஞ்சின்கள் உறுமின. ஒருவாரம் போல அப்படி ஓடியது. சண்டை முன்னைவிட அதிகமாக இருந்தது. முன்பெல்லாம் வரிசை இப்படித்தான் இருக்கும் என்று பொறுத்துப் போனவர்கள், இப்போது பொறுக்கவில்லை. "போன்ல வந்துகினு இருந்தது இல்ல, அதை ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டார்கள். நான் முதலாளியின் அறைப் பக்கம் கையைக் காட்டினேன். மலை வண்டிகள் குறையத் தொடங்கின. பச்சை டிராக்டர் ஒரு நாள் வாசல் வரை வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, நிற்காமல் ஆத்தூர்ப் பக்கம் போயிற்று. அங்கேயும் ஆலைகள் இருக்கின்றன.

முதலாளி இதையெல்லாம் தன் அறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். மலைக் கிழங்குக்கு மாவுச்சத்து ஜாஸ்தி என்று அவரே எப்போதும் சொல்வார். ஒரு காலை நான் வேலைக்கு வந்தபோது, அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து ரவுட்டர் வயரைக் கையில் வைத்துக்கொண்டு, எதை எதில் செருகுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை மாட்டிக் குடும்மா."

மாட்டினேன். விளக்குகள் எரிந்தன.

"ஆனா ஒண்ணு. அந்த முன்னாடி வுட்ற விசை இருக்குது பாரு, அதை எடுத்துடு."

"எடுத்துடலாம்ங்க. அவசரம்னு வந்தா?"

"அவசரத்துக்கு அவங்களே வுட்டுக் குடுப்பாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறவன எவனும் மறிக்க மாட்டான். நான் கேக்கறது வேற." கீபோர்டைக் காட்டினார். "விசை இருந்தா, போடுன்னு கேப்பாங்க. எங்க மச்சான் கேப்பான், கவுன்சிலர் கேப்பாரு, என் சம்பந்தி கேப்பாரு. முடியாதுன்னு நான் யாரு மூஞ்சியப் பாத்துச் சொல்றது? விசையே இல்லன்னா, கம்ப்யூட்டர்ல அந்த வசதி இல்லப்பான்னு சொல்லிட்டுப் போய்க்கினே இருப்பேன்."

நான் அவரைப் பார்த்தேன். இத்தனை நாளும் வரிசையை மீற அவருக்கு ஆசை என்று நினைத்திருந்தேன். மீறச் சொல்லி அவரை நச்சரிக்கிறவர்களை நான் யோசிக்கவே இல்லை. அங்கேயே நின்று நிரலைத் திறந்து, பெருக்கல் விசைக்கான வரிகளை அழித்தேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். "போயிடுச்சா?" என்றார். அழுத்திக் காட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. அவருக்குத் திருப்தி.

அதற்குப் பதிலாக, இரண்டு வண்டிகள் தங்கள் இடத்தை மாற்றிக்கொள்வதற்கு ஒரு விசை வைத்தேன். இரண்டு பேரும் ஜன்னலுக்கு வந்து தங்கள் வாயால் சொல்ல வேண்டும். அப்படிக் கேட்டு அடிக்கடி யாரும் வருவதில்லை. வந்தபோது நான் பார்த்தது, விட்டுக் கொடுக்கிறவர் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார். பச்சை டிராக்டர் திரும்பி வந்த பிறகு ஒருமுறை, பிரசவ வலி என்று வீட்டிலிருந்து போன் வந்த ஒரு டிரைவருக்கு மலைக்கார அக்கா தன் இடத்தைக் கொடுத்தார். "போடு பாப்பா, நானே சொல்றேன்" என்றார். அடுத்த வாரம் ஒரு வியாபாரி அவசரம் என்று வந்து அக்காவின் இடத்தைக் கேட்டார். அக்கா அவரிடம், "இன்னா அவசரம்?" என்று கேட்டார். அவர் மழுப்பியதும், "அப்ப நில்லு" என்றார். அதோடு முடிந்தது.

மச்சான் அந்தப் பருவத்தில் வரவில்லை. அடுத்த பருவத்தில் வந்தார். ஜன்னலுக்கு வந்து வண்டி எண்ணைச் சொன்னார். நான் அடித்தேன். போனை எடுத்து வைஃபையில் சேர்ந்தார். டேட்டாவை அணைக்க மறந்திருந்தார், சொன்னேன். "சரிங்க" என்றார். நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அன்றைக்கு அவர் டீக்கடையில் மற்றவர்களோடு உட்கார்ந்து வடை தின்றதைப் பார்த்தேன். யாரும் பழையதைக் கிளறவில்லை.

ஆலை மூடியிருக்கும் மாதத்தில், மலைக்கார அக்கா தன் வீட்டுக் குழந்தையின் காது குத்துக்கு அழைத்திருந்தார். கணவரும் நானும் இருசக்கர வண்டியில் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் காற்று மாறியது. கரியாலூரில் நிறுத்திக் குழந்தைக்கு உடுப்பு வாங்கினோம். அங்கிருந்து உள்ளே மண்சாலை. அவர்கள் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே என் போனில் சிக்னல் போய்விட்டது. சாப்பாடு முடிந்ததும் அக்கா கொல்லையைக் காட்டக் கூட்டிப் போனார். சரிவில் கிழங்குக் குச்சிகளைப் புதிதாக நட்டிருந்தார்கள். இடுப்பு உயரத்துக்குத் தினையும் இருந்தது. இந்தச் சரிவில் கிழங்கைப் பிடுங்கி, தலைச்சுமையாக மேலே கொண்டு வந்துதான் டிராக்டரில் ஏற்ற வேண்டும் என்றார். ஜன்னலில் உட்கார்ந்து எடையாக மட்டும் பார்த்த எனக்கு, அந்த ஏற்றத்தில் வெறுங்கையோடு ஏறவே மூச்சு வாங்கியது.

"ஆமா, அந்த டப்பா எப்டி வேலை செய்யுது? நெட்டு இல்லாமலே வருதாமே" என்று கேட்டார் அவருடைய புருஷன். அவர் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. வரப்பில் உட்கார்ந்து சொன்னேன். என் கணினியில் ஒரு நிரல் ஓடுகிறது, நான் விசையை அழுத்துகிறேன், அது பட்டியலை மாற்றுகிறது, உங்கள் போன் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கிறது என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாண்ணா."

அவர் யோசித்தார். "அப்டின்னா எங்க ரேசன் கடையிலயும் வெக்கலாமே. காத்தால போனா சாயங்காலம் வரிக்கும் நிக்கிறோம்."

"வெக்கலாம்ணா. கடைக்காரரு விசைய அழுத்தணும். அவரு ஒத்துக்கணும்."

"அவன் ஒத்துக்க மாட்டான்" என்றார் அக்கா. புருஷன், கேட்டுப் பார்ப்பதில் என்ன தப்பு என்றார். அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே முன்னால் நடந்தார்கள். மேற்கே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மழைக்கு முன்னால் மலை இறங்க வேண்டும் என்று கணவர் வண்டியைத் திருப்பி வைத்திருந்தார். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அக்கா ஒரு பை நிறையக் கிழங்கைக் கட்டி வண்டியின் முன்னால் வைத்தார்.